கஞ்சாக் கடையும் வேண்டாம், கஞ்சா கேஸும் வேண்டாம்

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தவரையும் அதைப் புகைத்தவரையும் குற்றவாளியாக்கும் பகுதியை நீங்கள் திருத்த வேண்டும். கடத்துபவருக்கும் விற்பவருக்கும் பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் நீட்டுபவருக்கும் இப்போதுள்ள தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். கஞ்சாக் கடை திறக்கவும் நான் கேட்கவில்லை. திறக்கவே கூடாது என்பதுதான் என் நிலை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது ஏனென்றால் இது மத்தியச் சட்டம். திருத்தம் டெல்லியில்தான் நடக்க வேண்டும். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறீர்கள். வேறு எதில் அடித்துக்கொண்டாலும், போதைப்பொருள் என்று பேச்சு வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே குரலில் பேசுகிறீர்கள். அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்ப முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் வக்கீலாக இருக்கிறேன். கஞ்சா வழக்குகளும் நடத்துகிறேன். நான் கேட்பதை நீங்கள் செய்துவிட்டால் என் வருமானத்தில் ஒரு பகுதி போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் இப்போது இப்படி இருக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (2014 வரை இது ஆறு மாதமாக இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் ஓராண்டாகக் கூட்டினார்கள்.) 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு', குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபது. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் பத்தாண்டு வரை. கையில் எதுவும் இல்லாமல் புகைத்ததற்கு மட்டும் என்றால் 27 ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை.

இந்த ஒரு கிலோ கணக்கே விசித்திரமானது. சட்டைப் பையில் ஐந்து கிராம் பொட்டலம் வைத்திருந்த கல்லூரி மாணவனும், தொள்ளாயிரம் கிராமைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஊருக்கே விற்கும் ஆளும் சட்டத்தின் பார்வையில் ஒரே படியில் நிற்கிறார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் பார் அசோசியேஷனில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது: பையன்கள் பிடிபட்டால் 'ஒரு கிலோ நூறு கிராம்' அல்லது 'ஒரு கிலோ இருநூறு கிராம்' ஆகத்தான் பிடிபடுகிறார்கள். தராசு எப்போதும் கோட்டுக்கு அந்தப் பக்கமே சாய்கிறது. அந்த நூறு கிராமில் ஓராண்டு பத்தாண்டாகிவிடுகிறது.

எடை போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. ஆனால் மூட்டையைப் பிரித்துத் தண்டு வேறு, இலை வேறு, பூ வேறு என்று யார் நிறுக்கிறார்கள்? மொத்தமாகத் தூக்கித் தராசில் வைத்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் 37 ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடிபட்டவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத நிலையில் அப்படித் தோன்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களில் வக்கீலாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

"கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்" என்ற வசனத்தைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. சினிமாவில் வரும், நிஜத்திலும் வரும். திருட்டுக் கேஸுக்குப் பறிகொடுத்தவர் ஒருவர் வேண்டும். அடிதடிக் கேஸுக்குக் காயம் வேண்டும். கஞ்சா கேஸுக்குப் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் தேவையில்லை. ஒரு பொட்டலமும், மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில்) கையெழுத்துப் போட இரண்டு பேரும் இருந்தால் போதும். பொருள் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது தன் அறிவுக்கு வராமல் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் 35, 54 ஆம் பிரிவுகளால் பிடிபட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. 2020 அக்டோபர் வரை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகவும் பயன்பட்டது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தத் தீர்ப்பில் எதிர்த்தரப்பாக நம் மாநிலத்தின் பெயர்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு நம்மிடம் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் அந்த மாநிலச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை வைத்திருக்கலாம்.

எல்லா கஞ்சா வழக்கும் பொய் வழக்கு என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களில் நிஜமாகவே விற்றவர்கள் நிறையப் பேர். ஆனால் நல்ல கேஸையும் கெட்ட கேஸையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி சட்டம் சகதியாகக் கிடக்கிறது. 2023 இல் சென்னையில் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். 22 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட இருவரை நீதிமன்றம் விடுவித்தது. ஏன்? கைப்பற்றிய பொருளைக் காட்டுங்கள் என்றதற்கு, எலி தின்றுவிட்டது என்று பதில் வந்தது. எலிகளுக்கு எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பிடிபடுபவர்கள் யார்? ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில், மல்கான்கிரி, கோராபுட் பக்கம், பழங்குடி விவசாயிகள் பயிரிடுகிறார்கள். முதல் போடுபவர் வேறு எங்கோ இருக்கிறார். விசாகப்பட்டினம் வழியாக வரும் ரயில்களில் கூலிக்குத் தூக்கி வருபவர்தான் காட்பாடியிலோ சேலத்திலோ சிக்குகிறார். தன்பாத், ஆலப்புழா எக்ஸ்பிரஸ் என்றால் ரயில்வே போலீஸே ஒரு முறைக்கு இரண்டு முறை பெட்டியைப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஒரு கிளை வேதாரண்யம், ராமேஸ்வரம் கரைகள் வழியாகக் கடல் தாண்டுகிறது. இலங்கையில் அதற்குப் பெயர் 'கேரள கஞ்சா'. கேரளாவுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இந்தச் சங்கிலியில் மேலே இருப்பவரைப் பிடிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். கீழே, முட்டுச் சந்தில் நின்று புகைக்கும் பையனைப் பிடிக்க அரை மணி நேரம் போதும். மாதாந்திரக் கணக்கில் இரண்டும் ஒரு கேஸ்தான். 'கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்து 2021 டிசம்பரிலிருந்து அடுத்தடுத்து நடந்த நடவடிக்கைகளில் கைது எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனது. போலீஸ்காரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்பைச் சட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம், நாடாளுமன்ற நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். 1893 இல் பிரிட்டிஷ் பொது அவையில் ஒரு கேள்வி எழுந்தது: இந்தியாவில் கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறதாமே, தடை செய்தால் என்ன? விசாரிக்க இந்திய அரசு ஒரு கமிஷன் போட்டது. மெக்வொர்த் யங் தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். அதிகாரிகள், வைத்தியர்கள், பயிரிடுபவர்கள், பாதிரிமார்கள் என்று எல்லாத் தரப்பிலும் கேட்டார்கள். ஏழு தொகுதிகளாக, மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது அது. வெள்ளைக்காரனுக்குக் கலால் வருமானத்தில் கண் இருந்தது என்பது உண்மைதான். அதனால் அந்தச் சிபாரிசை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் மனநோய் விடுதிப் பதிவேடுகளைப் புரட்டிய விதம். 1892 இல் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்கு நோய்க்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொன்றாகக் கிளறியது. நோயாளியைக் கொண்டுவந்து விடுபவர் பெரும்பாலும் போலீஸ்காரர். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும், ஆள் கஞ்சா குடிப்பான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், எழுதியாகிவிட்டது. நேரில் விசாரித்தபோது 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அதிலும் கஞ்சாவோடு வேறு காரணங்களும் கலந்தவை உண்டு. இன்றைக்கு நம் பத்திரிகைகளையும் டிவியையும் பாருங்கள். எந்த ஊரில் எந்த வாலிபன் அரிவாளைத் தூக்கினாலும் 'கஞ்சா போதையில்' என்ற இரண்டு சொல் தலைப்பில் வந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை செய்தார்களா, முன்விரோதம் இருந்ததா, குடித்திருந்தானா என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கட்டத்தை இன்னும் அதே மாதிரிதான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தலைப்புகளைப் படித்துவிட்டுத்தான் நீங்களும் அவையில் பேசுகிறீர்கள்.

கஞ்சா நல்லது என்று நான் வாதாடவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் தொடங்கித் தினமும் இழுப்பவனுக்கு ஞாபக சக்தி மங்கும், படிப்பு போகும். மனச்சிதைவு நோய் வரும் ஆபத்து கூடும், குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகமாக. சித்தர் மூலிகை, சிவன் பிரசாதம் என்று பேசிக்கொண்டு இதை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 3 கோடிப் பேர் கஞ்சா, பாங்கு (இலையை அரைத்தது), சரஸ் (செடியின் பிசின்) என்று ஏதோ ஒரு வகையில் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் 72 லட்சம் பேருக்கு உதவி தேவை. அதே ஆய்வில் மது குடிப்பவர்கள் 16 கோடி, உதவி தேவைப்படுபவர்கள் 5 கோடிக்கும் மேல்.

அந்த 72 லட்சம் பேரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வருவார்களா? மகன் கஞ்சா பழகிவிட்டான் என்று தெரிந்த அம்மா முதலில் யோசிப்பது, இதை எங்கே பதிவு செய்வார்களோ, போலீஸுக்குப் போய்விடுமோ, நாளைக்கு வேலைக்குப் போகும்போது வெரிஃபிகேஷனில் வந்துவிடுமோ என்பதுதான். அரசு மருத்துவமனையைத் தவிர்த்துவிட்டு, அடித்துத் திருத்தும் ஏதோ ஒரு தனியார் 'மறுவாழ்வு மைய'த்தில் கொண்டு போய்ப் பூட்டுகிறார்கள். சட்டத்தில் 64அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. நல்ல பிரிவு. ஆனால் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கும்போது இப்படி ஒரு பிரிவு இருப்பதை யார் அவனிடம் சொல்கிறார்கள்? இன்னொரு கூத்து, அடிமையானவருக்குத்தான் அந்தச் சலுகை. நண்பர்களோடு சேர்ந்து எப்போதாவது ஒரு தடவை இழுத்தவன் அடிமை இல்லையே, அதனால் அவனுக்கு அது பொருந்தாது. அவன் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோர்ட்டுக்குப் போனவன் என்ன ஆகிறான்? தண்டனை பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். ஆனால் ரிமாண்டில் இருந்த நாட்களில் ஜெயிலில் நிஜ வியாபாரிகளோடு பழக்கம் ஏற்பட்டிருக்கும். போலீஸ் வேலை, அரசு வேலை இரண்டும் கை நழுவியிருக்கும். உள்ளே போகும்போது புகைப்பவனாகப் போன பையன், வெளியே வரும்போது யாரிடம் சரக்கு எடுக்கலாம் என்று தெரிந்தவனாக வருகிறான். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கஞ்சாவை மட்டுமே துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் வேறு ஒன்று வாசலுக்கு வந்துவிட்டது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள், உங்கள் தொகுதிகளிலேயே. பையன்கள் செத்திருக்கிறார்கள். மாத்திரைக்கு வாசம் கிடையாது, பையில் தெரியாது. கஞ்சாவிலிருந்து மாத்திரைக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. எது எளிதில் பிடிபடாதோ அதன் பக்கம் பையன்கள் போவார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அப்படியானால் முழுதாகச் சட்டப்பூர்வமாக்கி, கடை வைத்து, வரி போட்டு விற்றால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்த, நல்லெண்ணம் கொண்ட நண்பர்கள்தான் கேட்கிறார்கள். கனடா 2018 இல் செய்தது. அமெரிக்காவில் கொலராடோவும் வாஷிங்டனும் 2012 வாக்கெடுப்பில் தொடங்கி வைத்தன. ஆனால் நாம் வேறு ஒன்றைப் பார்த்து வாழ்ந்துகொண்டிருக்கிறோம். 2003 இல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. கள்ளச்சாராயம் ஒழியும், கலப்படம் ஒழியும் என்றார்கள். இன்று வருடத்துக்கு 45 ஆயிரம் கோடிக்கும் மேல் அதிலிருந்து அரசுக்கு வருகிறது. இந்தப் பணம் இல்லாமல் பட்ஜெட் போட முடியாது என்ற நிலைக்கு எந்தக் கட்சி வந்தாலும் வந்துவிடுகிறது. கள்ளச்சாராயம் ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடியைப் பிடித்துக்கொண்ட அரசு குடியை விட முடியாமல் தவிக்கிறது. அதன் கையில் இன்னொரு பொருளைக் கொடுத்தால், தீபாவளிக்கு இலக்கு வைத்து அதையும் விற்கும். தனியாருக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கடைகள் வந்துவிட்டன. மூன்று வருடம் கழித்து, 2025 இல், மருந்துச் சீட்டு இருந்தால்தான் என்று பின்வாங்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்த வழி போர்ச்சுகல் 2001 இல் எடுத்தது. அங்கே கஞ்சா இன்றும் சட்டவிரோதம். கடை கிடையாது. ஆனால் பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருந்தால் அது குற்றவியல் வழக்கு ஆகாது. கஞ்சா என்றால் 25 கிராம் வரை. போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்துவிட்டு ஆளை ஒரு சிறு குழுவின் முன் அனுப்பும். சட்டம், உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். சிகிச்சை தேவையா, எச்சரிக்கை போதுமா, அபராதமா என்று அவர்கள் பார்ப்பார்கள். இதற்கு எதிராக அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைக் காட்டுவார்கள். ஹெராயின் உட்பட எதையும் சிறிதளவு வைத்திருப்பதற்கான குற்றத் தண்டனையை 2020 இல் எடுத்துவிட்டு 2024 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே வழக்கை முதலில் நீக்கினார்கள், சிகிச்சைக்கான ஏற்பாடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. அந்தத் தவறை நாம் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்கும் திருத்தம் இப்படி. 'சிறிய அளவு' என்ற ஒரு கிலோ படிக்குக் கீழே 'சொந்த உபயோக அளவு' என்று புதிதாக ஒரு படி வேண்டும். 25 கிராமா 50 கிராமா என்பதை மருத்துவர்களைக் கேட்டு வையுங்கள். அதற்குள் வைத்திருந்தாலும் புகைத்தாலும் பொருள் பறிமுதல், ஒரு ரசீது, மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு அனுப்புகை. முதல் தகவல் அறிக்கை கூடாது, ரிமாண்டு கூடாது. பொது இடத்தில் புகைத்தால் சிகரெட்டுக்குப் போடுவதைவிடப் பெரிய அபராதம் போடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கொடுத்தவர், ஒரு கிராம் கொடுத்திருந்தாலும், இந்தப் படிக்குள் வரக் கூடாது. பழைய சிறிய வழக்குகளில் தண்டனை பெற்றவர்களின் பதிவு வேலைக்கான சரிபார்ப்பில் வராதபடி ஒரு பிரிவும் தேவை. சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. கஞ்சா வழக்கில் வீடியோ இல்லையென்றால் வழக்கே இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் 'ஒரு கிலோ நூறு' கதைகள் பாதி குறையும்.

சர்வதேச ஒப்பந்தம் கையைக் கட்டுகிறது என்று டெல்லி அதிகாரிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். போதைப்பொருள் பற்றிய 1988 ஐ.நா. ஒப்பந்தத்தின் 3 ஆம் விதியே, சிறிய வழக்குகளில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை, கல்வி, மறுவாழ்வு என்று போக அனுமதிக்கிறது. அதற்கு முந்தைய 1961 ஐ.நா. ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று 2020 டிசம்பரில் வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 27 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்த 27 இல் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் ஒரு பேச்சு, வேலூரில் ஒரு பேச்சு. அதோடு, இதே செடியின் இலையை அரைத்த பாங்கு காசியிலும் ஜெய்சல்மேரிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. அதை யாரும் தேசத்துரோகம் என்று சொல்லவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அவையில் எழுந்து இதைப் பேசினால் மறுநாள் உங்கள் படத்தைப் போட்டு 'கஞ்சா எம்.பி.' என்று மீம் வரும். எதிர்க்கட்சி போஸ்டர் அடிக்கும். பஞ்சாபின் பாட்டியாலா தொகுதி உறுப்பினர் தர்மவீர காந்தி 2016 வாக்கில் தனிநபர் மசோதாவாக இதை முயன்றார். மருத்துவர் அவர். 2019 தேர்தலில் தோற்றாலும், தொகுதி மக்கள் அவரை ஒரேயடியாக விரட்டிவிடவில்லை, 2024 இல் திரும்பவும் ஜெயித்து வந்திருக்கிறார். 1985 இல் இந்தச் சட்டம் ஆகஸ்ட் கடைசியில் அறிமுகமாகி செப்டம்பர் 16 இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலே வாங்கிவிட்டது. அவ்வளவு அவசரமாகப் போட்டதைக் கொஞ்சம் நிதானமாகத் திரும்பப் பார்ப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு மசோதாகூட வேண்டாம். சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று சமூகநீதி அமைச்சகமே 2021 இல் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்குச் சிபாரிசு செய்ததாகச் செய்தி வந்தது. அந்தச் சிபாரிசு என்ன ஆனது என்று நிதி அமைச்சரிடம் ஒரு கேள்வி போடுங்கள். எழுத்துப் பதில் கேளுங்கள். அப்புறம் திருத்த மசோதாவைப் பார்க்கலாம். நான் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம்தான். உங்களில் யார் கேட்டாலும் தொகுதி அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்